பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்!

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பந்தைப் போட்டால் பிடிக்க வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நோட்டிலும் எழுத்து கோட்டைவிட்டு ஓடுகிறது. அவன் அப்பா தினமும் கிரிக்கெட் பந்தை வைத்துப் பழக்குகிறார். அழுதுகொண்டே உள்ளே வருகிறான். கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கோச்சிங் இப்போது வேண்டாம், சகோதரி. முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை குறைந்திருந்தால் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. இன்னொரு கண்ணை வைத்தே சமாளித்துவிடும். ஆனால், பந்து எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது என்று கணிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்க வேண்டும். 'சோம்பேறிக் கண்' என்கிற இந்தக் குறையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

கண்ணில் குறையில்லை என்றால், அந்தக் கிரிக்கெட் பந்தை எடுத்து உள்ளே வையுங்கள். அடிபடும் என்ற பயத்தில்தான் தலை திரும்புகிறது. கண் பந்தை விட்டுவிட்டால் கைக்கு எப்படித் தெரியும்? பலூனில் தொடங்குங்கள்; அது மெதுவாக இறங்கும். பிறகு துணிப்பந்து. அது பிடிபட்டதும் டென்னிஸ் பந்தைத் தரையில் ஒருமுறை குத்தி எழும்பவிட்டுப் போடுங்கள். "பந்தைப் பாரு" என்று அதட்டுவதைவிட, பந்தின் மேல் ஒரு எண்ணை எழுதி, "என்ன நம்பர் வருது, சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றுக்கும் மேல் அஞ்சாங்கல்தான். கண் மேலே போன கல்லில் இருக்கும்போதே விரல் கீழே கிடப்பதை எடுத்தாக வேண்டும். எடுத்த எடுப்பில் ஐந்து கல் வேண்டாம். ஒரே கல்லைப் போட்டுப் பிடிக்கட்டும். அது வந்ததும், கல் மேலே இருக்கையில் தரையைத் தட்டிவிட்டுப் பிடிக்கட்டும். அப்புறம்தான் கீழே ஒரு கல். பெண் பிள்ளைகள் ஆட்டம் என்று ஒதுக்க வேண்டாம். அவன் அப்பாவும் கூட உட்காரட்டும். அழாமல் அப்பாவோடு விளையாடுவதே அவனுக்குப் பெரிய விஷயம்.

எழுத்துக்கு, வாசலில் சாக்பீஸால் பெரிய புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றிச் சுழித்துக் கோலம் போடச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைந்து சாப்பிடக்கூட மிகவும் திணறுகிறான் என்றால், குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர், இதுபோன்ற அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்புவார்.