பாலக்கோடு அண்ணாவுக்கு: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

அண்ணா, நேற்று நீங்களும் அக்காவும் தருமபுரிக்கு வந்தபோது பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு, அவனை மேற்கொண்டு என்ன படிக்க வைப்பது என்று முக்கால் மணி நேரம் பேசினீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு 47. பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் மச்சான், "கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் தருவதாக ஒரு காலேஜ் சொல்கிறது, ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 8 லட்சம். தக்காளி இந்தத் தடவை காலை வாரிவிட்டதால் ரோட்டோர முக்கால் ஏக்கரின் பத்திரத்தை வைத்துப் பணம் வாங்கலாமா என்று கேட்டீர்கள். "பயப்படாதீர்கள், யோசிப்போம்" என்று நான் சொன்னது மரியாதைக்கு. உங்களை வழியனுப்பக் கீழே வந்து அந்தப் பழைய மாருதி 800-இன் கதவைப் பார்த்த பிறகு மரியாதைக்குப் பேசிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் 8 லட்சத்துக்கு மாதம் 8,000. நீங்கள் சொன்ன ஆள் இரண்டு ரூபாய் வட்டிக்காரர், அப்படியானால் 16,000. அசலைத் தொடாமலே இது போய்க்கொண்டிருக்கும். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மச்சானிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாதிக் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா? போடுவார் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

பாலிடெக்னிக், நர்சிங், போலீஸ் தேர்வு எல்லாம் நீங்களே நாலு பேரிடம் விசாரித்துவிட்டீர்கள். அதை நானும் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பள்ளி விட்டதும் சேலம் ரோட்டில் வண்டிகளுக்கு சீட், லைனிங் வேலை செய்யும் குஷன் கடையில் போய் நிற்கிறான் என்று குறையாகச் சொன்னீர்களே, எனக்கு அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் மாருதியின் டிரைவர் பக்க டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையை, அவன்தான் செய்தான் என்று உங்களுக்குத் தெரியும். எப்படிச் செய்தான் என்று கேட்டீர்களா? நான் கேட்டேன். கண்ணாடி ஏற்றும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டையை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் உள்ளே இருக்கும் கம்பி கிளிப் தெறித்து வந்துவிடும் என்று காட்டினான். பேடைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருக்கிறது. கண்ணாடி ஓரமாக இறங்கிய மழைத்தண்ணீரைக் குடித்துக் குடித்து ஹார்டுபோர்டு உப்பிவிட்டது. முதலில் ஷீட்டை மாற்றினான், அப்புறம்தான் போர்டு. பழையதை அச்சாக வைத்துப் புதியதை வெட்டி, கிளிப் ஓட்டைகளைப் போட்டு, மேலே மெல்லிய ஃபோம், அதற்கு மேல் ரெக்சின். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரல் முட்டியால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தானாம். ஏன் என்றேன். "ஈரத்தோட ஒட்டினா தின்னர் உள்ளயே மாட்டிக்கும் சார், வெயில்ல நிறுத்தினா உப்பிடும்." மூலைகளில் மடிப்பு விழாமல் பின்பக்கம் முக்கோணமாக வெட்டி மடித்திருக்கிறான். கைப்பிடிக் குழிவில் மட்டும் ரெக்சின் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை, அவனே காட்டினான்: "இங்க ஹீட் கன் காட்டாம இழுத்துட்டேன்." சூடான காற்றால் ரெக்சினை இளக்கும் கருவி அது.

இதே பையனிடம் கணக்குப் பேப்பரில் எங்கே சறுக்கியது என்று கேட்டபோது விழித்தான்.

குஷன் கடை என்றால் சீட் கவர் மாட்டுவது என்று நினைக்கிறீர்கள். ரெடிமேட் கவரை யாரும் மாட்டலாம். வெயிலில் கிடக்கும் வண்டியில் ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச்சத்து மெல்ல மெல்லப் போய் அது விறைத்து வெடிக்கும். ரூஃப் லைனிங்கின் ஃபோம் பொடியாக உதிர்ந்து துணி தலையில் தொங்கும். இவற்றைக் கழற்றி, சுரண்டி, திரும்பக் கட்டத் தெரிந்தவர்கள் என் கண்ணில் பட்டவரை நம் பக்கம் குறைவு. வண்டிக்கோ பஞ்சமில்லை, சேலம் பெங்களூர் நெடுஞ்சாலை வாசலிலேயே போகிறது. லாரி கேபின், டிராக்டர் சீட், ஆட்டோ, ஸ்கூல் வேன், டூரிஸ்ட் வேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். ஏசி கேபினில் லைனிங் பிய்ந்து கிடந்தால் குளிர் நிற்காது, டிரைவரே தேடி வருவார்.

ஆனால் கடையில் நிற்பதும் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. கடைக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். இரண்டு வருடம், கூலி எவ்வளவு, என்னென்ன சொல்லித் தருவார். டோர் பேட், ரூஃப், டாஷ்போர்டு மூன்றிலும் கை வைக்க விட வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஆறு மாதம் பழைய பசையைச் சுரண்டும் வேலைதான் கிடைக்கும், அதற்குக் கோபப்படாதீர்கள். வீட்டுத் தையல் மெஷினில் ரெக்சின் ஓடாது, மேல் பாதமும் சேர்ந்து நகர்த்தும் கனரக மெஷினில்தான் பழக வேண்டும். புதுக் கார் சீட்டின் ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் அந்த இடத்தை மூடித் தைக்கக் கூடாது. இது தெரியாத கடையென்றால் வேறு கடை பாருங்கள். பசையின் ஆவி நெஞ்சுக்கு ஆகாது. மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் என் பிள்ளையை நான் விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள்.

சான்றிதழும் வேண்டும் என்றால் ஐடிஐ-யில் ஒரு வருடத் தையல் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஐடிஐ-யில் சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு கிடைக்குமா என்று அக்கா கவலைப்பட்டார். கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு டிகிரிதான் வேண்டுமென்றால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். படிக்கட்டும், கடை நடத்தவும் அது உதவும்.

கடை போட்டுத் தருகிறேன் என்று மட்டும் இப்போது கிளம்பாதீர்கள். மெஷினும் வாங்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து அவன் கையில் வேலை இருந்தால் முத்ரா கடனில் கிஷோர் பிரிவு இருக்கிறது, 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, நிலத்தைக் கேட்க மாட்டார்கள். இரண்டே மாதத்தில் அவனுக்குச் சலித்துவிட்டால் அதையும் என்னிடம் வந்து சொல்லட்டும், திட்ட மாட்டேன். உங்களுக்கு அதில் போயிருப்பது பஸ் காசுதான்.

திங்கட்கிழமை மூன்று பேரும் வாருங்கள். கழற்றிப் போட்ட அந்த உப்பின போர்டை அவன் எடுத்து வரட்டும். முதலில் அவனோடு பேசுகிறேன். அதுவரை நீங்கள் இரண்டு பேரும் வெளியே உட்காருங்கள்.