காதைப் பிடியுங்கள்

கேள்வி: 2019-ல் பஹாமாஸில் நிலக்கரிக் கோடீஸ்வரர் கிறிஸ் கிளைனின் ஹெலிகாப்டர் இரவில் கடலில் விழுந்து, உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். இரண்டு எஞ்சின், இரண்டு விமானிகள், ஆட்டோபைலட். இத்தனையும் இருந்து, ஏறிய சூட்டோடு விழுமா? சதி இல்லை என்று எப்படி நம்புவது?
– வாசகர், நீரோடி

பதில்: இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொல்லிவிட்டது. சதிகாரனைப் பிடித்தே தீருவேன் என்றால் காதைப் பிடியுங்கள்.

ஜூலை 4, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன். ஜூலை 2 அமாவாசை. சூரிய கிரகணமும் அன்றுதான். மறுநாள் இரவில் நிலா நிற்காது என்பதை வள்ளம் இறக்குகிற ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்குக் கரையில் விளக்கு உண்டு, விழிஞ்சம் கலங்கரை உண்டு. ஹெலிகாப்டர் கிளம்பிய பிக் கிராண்ட் கே சின்னத் தீவு. அதை விட்டு ஹெலிகாப்டரின் மூக்கைத் திருப்பினால் வானமும் கடலும் ஒரே கறுப்பு.

உட்காதில் ஒரு பசைப்படலத்தின் மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. தலை பின்னால் சாய்ந்தால் அவையும் பின்னால் சரியும். அதை வைத்தே மூளை மேல் கீழ் அறிகிறது. வில்லங்கம் என்னவென்றால், உடம்பு வேகமாக முன்னே தள்ளப்படும்போதும் அவை பின்னால்தான் சரியும். அடிவானம் தெரிந்தால் கண் அந்தத் தப்பைத் திருத்திவிடும். தெரியாவிட்டால், மூக்கு மேலே தூக்குகிறது என்று மூளை நம்பும். ஹெலிகாப்டர் வேகமெடுக்க மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியே ஆக வேண்டும். அப்போது விமானி, அதிகம் தூக்கிவிட்டோமோ என்று கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளுவார், வேகம் கூடும், காது இன்னும் பெரிய பொய் சொல்லும், அவர் இன்னும் தள்ளுவார். சில நூறு அடி உயரத்தில் இதற்கு எத்தனை வினாடி கிடைக்கும்?

தரையை விட்டதும் வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டு, கருவியிலுள்ள செயற்கை அடிவானத்தில் கண்ணை வைக்க வேண்டும். முதலில் உயரம், பிறகு வேகம். ஒருவர் ஓட்ட, மற்றவர் ரேடியோ ஆல்டிமீட்டர் (ரேடியோ அலையால் கீழே உள்ள பரப்பிலிருந்து உயரம் அளக்கும் கருவி) காட்டும் உயரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறங்குகிறது என்று தெரிந்த கணமே மூக்கை நிமிர்த்தி, சக்தியைக் கூட்ட வேண்டும். அன்று தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை பலமுறை ஒலித்தது. இரண்டு விமானி என்கிறீர்கள். இரண்டு ஜோடிக் காதும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

மிதவைப் பை இல்லையா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். மெதுவாகத் தண்ணீரில் இறங்கினால் கவிழாமல் காக்கத்தான் அது. அந்த வேகத்தில் மோதினால் உதவாது.

அதே ஏ.டபிள்யூ. 139 ரக ஹெலிகாப்டர் ஒன்று 2014 மார்ச்சில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், இரவு மூடுபனியில், கிளம்பிய உடனே விழுந்து 4 பேர் போனார்கள். அதற்கும் சதி தேடுவீர்களா?

உடம்பு சரியில்லாத இருவரைச் சிகிச்சைக்காக ஃபுளோரிடா கொண்டுபோகும் அவசரம் பஹாமாஸில். விசாரணை அறிக்கை காரணமாக முதலில் எழுதியிருப்பது, அந்த இருட்டில் கடல் மேல் கிளம்ப எடுத்த முடிவைத்தான். சூரியன் எழ இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.