800 வாட் 8×10 கேபினட்டுக்கு 500 வாட் பேஸ் ஆம்ப் பொருந்துமா?

கேட்டவரிடம் 4 ஓம் (ஸ்பீக்கர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு) சுமையில் 500 வாட் தரும் கிளாஸ் டி (எடை குறைந்த நவீன மின்சுற்று வகை) பேஸ் ஆம்ப் ஒன்று இருக்கிறது. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய, 800 வாட் தாங்கும் என்று குறிக்கப்பட்ட 4 ஓம் கேபினட் ஒன்று அவருக்குச் செகண்ட் ஹேண்ட் விலையில் கிடைக்கிறது. "கேபினட்டைவிடக் குறைந்த வாட் உள்ள ஆம்பைப் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும், 1200 வாட் ஆம்பும் சேர்த்து வாங்குங்கள்" என்று விற்பவர் சொல்கிறாராம். அது சரியா என்பது கேள்வி. சரியில்லை. இருக்கிற ஆம்பையே தாராளமாக இணைக்கலாம். சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாட் எண்ணைப் பார்த்து அஞ்சுகிறவர்கள், உண்மையில் அஞ்ச வேண்டிய வேறு சில விஷயங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் இந்த வகைக் கேபினட்டின் வரலாற்றையே சாட்சிக்கு அழைக்கலாம். அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வ் ஆம்பை வெளியிட்டது. அதே ஆண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அது மேடையேறியது. அன்றைய பத்து அங்குல ஸ்பீக்கர்கள் அத்தனை சக்தியைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை என்பதால், ஒரு ஆம்புக்கு 8×10 கேபினட் இரண்டு, அதாவது பதினாறு ஸ்பீக்கர்கள் என்ற கணக்கில் சுமையைப் பகிர்ந்தார்கள். பின்னர் ஸ்பீக்கர்களின் தாங்குதிறன் உயர்ந்தது. அதே நிறுவனத்தின் எஸ்.வி.டி. 810இ கேபினட் தனியாகவே 800 வாட் தாங்கும். ஆனால் அதன்மேல் வைப்பதற்கென்று அவர்கள் விற்றுவந்த எஸ்.வி.டி. கிளாசிக் ஆம்போ அதே 300 வாட்டில்தான் இருந்தது. 800 வாட் பெட்டியின்மீது 300 வாட் ஆம்ப் என்பது ராக் மேடைகளில் பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஜோடி. விற்பவரின் விதி உண்மையாக இருந்தால் அந்தப் பெட்டிகளெல்லாம் எப்போதோ கரிந்து போயிருக்க வேண்டும்.

கேபினட்டின் பின்புறத்தில் எழுதியிருக்கும் 800 வாட் என்பது அது கேட்கும் தீனி அல்ல; அதன் வாய்ஸ் காயில்கள் (ஸ்பீக்கரின் கோனை, அதாவது கூம்பை, அசைக்கும் கம்பிச் சுருள்கள்) நீண்ட நேரம் தாங்கக்கூடிய வெப்பத்தின் உச்சவரம்பு. பத்து டன் லாரியில் ஆறு டன் ஏற்றினால் அச்சு முறியாது. எட்டு ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 100 வாட் தாங்குகிறது. உங்கள் ஆம்ப் முழு வீச்சில் பாடினாலும் ஒவ்வொன்றுக்கும் போய்ச் சேருவது 62.5 வாட்தான். அதுவும் ஒரே சீரான சைன் அலையைத் தொடர்ந்து கொடுத்தால்தான். பேஸ் கிட்டாரின் ஒலி அப்படிப்பட்டதல்ல. கம்பியைச் சுண்டிய கணத்தில் உச்சம் எழுந்து, உடனே தணிந்து, நீண்டு மறையும் இயல்புடையது என்பதால், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எதுவும் இல்லாமல் வாசிக்கும்போது சராசரிச் சக்தி உச்சத்தைவிட 10 டெசிபெல்லுக்கு மேல் குறைந்திருப்பது சாதாரணம்.

அப்படியானால் "குறைந்த வாட் எரிக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அது தவறான இடத்தில் பொருத்தப்பட்டுவிட்டது. ஆம்பின் எல்லையைத் தாண்டி அதை விரட்டும்போது அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, சைன் அலை மெல்ல மெல்லச் சதுர அலையின் வடிவத்தை நோக்கிப் போகிறது. ஒரே உச்ச மின்னழுத்தத்தில் சதுர அலையின் சராசரிச் சக்தி சைன் அலையினுடையதைப் போல இருமடங்கு. ஆகவே 500 வாட் ஆம்பை முற்றிலும் சதுரமாகும்வரை திருகினால், ஏட்டுக்கணக்கில் 1000 வாட் வரை வெப்பம் கிளம்பலாம். நடைமுறையில் மின்வழங்கி தளர்ந்துவிடுவதாலும், ஆம்பின் உள்ளே இருக்கும், உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் தலையிடுவதாலும் அத்தனை தூரம் போகாது. இங்கே ஸ்பீக்கரை வாட்டுவது அலையின் வடிவம் அல்ல, மொத்த வெப்பம். ஒலியை வேண்டுமென்றே உடைக்கும் ஃபஸ் பெடலை மிதித்தால் கிடைப்பதும் ஏறக்குறைய சதுர அலைதான். அதை 50 வாட் அளவில் மாலை முழுவதும் வாசித்தாலும் 800 வாட் கேபினட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. 1200 வாட் ஆம்பை வாங்கி அதையும் ஒலி உடையும்வரை திருகினால்தான், காயில் உண்மையாகவே கருகும் எல்லைக்கு எளிதில் போவீர்கள். விற்பவரின் அறிவுரை ஆபத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கேபினட்டில் உயர் ஒலிகளுக்கென்று தனியாக ஹார்ன் அல்லது ட்வீட்டர் இருந்தால், ஆம்பின் ஒலி உடையும்போது பிறக்கும் மேலிசைகள் (அடிச்சுரத்தின் மடங்குகளான உயர் அதிர்வெண்கள்) எல்லாம் அந்தச் சிறிய காயிலுக்குத்தான் போகின்றன. பத்து அங்குல ஸ்பீக்கர்கள் பாதிப்பின்றி இருக்க, ட்வீட்டர் மட்டும் செத்துப்போவது அடிக்கடி நடப்பது. பின்புறத்தில் அதற்கான அளவுக் குமிழ் இருந்தால், ஒலியை உடைத்து வாசிக்கும்போது அதைக் குறைத்துவிடுங்கள். அந்தச் சீறல் இல்லாமல் இருந்தால் தொனியும் மேலாகவே இருக்கும் என்பது என் சொந்த ரசனை.

வாட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஓம். டிரான்சிஸ்டர் ஆம்ப், கிளாஸ் டி ஆம்ப் ஆகியவற்றின் பின்புறத்தில் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மின்னோட்டம் கட்டுமீறி, ஆம்ப் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் அல்லது பழுதாகும். 810இ வகையில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம். எட்டையும் இணையாகப் பிணைத்தால் 4 ஓம் வருகிறது. உங்கள் ஆம்பின் குறைந்தபட்சம் 4 ஓம் என்றால், இந்த ஒரு கேபினட்டோடு அதன் கணக்கு முடிந்தது. பக்கத்தில் இன்னொரு சிறிய கேபினட்டைச் செருகிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். இரண்டு 4 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 2 ஓம். எதிர்த்திசையில் ஆபத்து இல்லை: 4 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப் 8 ஓம் கேபினட்டில் பொதுவாக 250 முதல் 300 வாட் தரும், அவ்வளவுதான். வால்வ் ஆம்புக்குச் சட்டம் வேறு. அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள ஓம் தெரிவைக் கேபினட்டுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் அதை இயக்கவே கூடாது.

கேபினட்டின் பின்புறத்தில் ஸ்டீரியோ இணைப்பு வசதி இருந்தால் அதையும் கவனியுங்கள். 810இயில் மோனோ என்றால் முழுப்பெட்டி, 4 ஓம். ஸ்டீரியோ என்றால் நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட இரண்டு பாதிகள், பாதிக்கு 8 ஓம். அறியாமல் ஒரு பாதியில் மட்டும் செருகினால் பாதி ஒலியோடு வாசித்துக்கொண்டிருப்பீர்கள். 800 வாட் தாங்குதிறனும் பாதியாகிவிடும்.

இனி, எவ்வளவு சத்தம் வரும் என்பது. இதில் வாட்டைவிட உணர்திறன் என்ற எண் அதிகம் பேசுகிறது. அதைத் தரவுத்தாளில் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில் இத்தனை டெசிபெல் என்று கொடுத்திருப்பார்கள். 8×10 பெட்டிகளில் இது சுமார் 100 டெசிபெல். 500 வாட் என்பது அதற்கு மேல் 27 டெசிபெல். 1000 வாட் என்பது 30 டெசிபெல். சக்தியை இருமடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். அதே வேளையில் 97 டெசிபெல் உணர்திறன் உள்ள ஒரு சிறிய கேபினட், உங்கள் 500 வாட் 8×10இல் எழுப்பும் ஒலியை எட்ட 1000 வாட் கேட்கும். பெரிய கேபினட்டை வாங்குவதே ஆம்பைப் பெரிதாக்குவதற்குச் சமம் என்று அதனால்தான் சொல்வேன். எட்டு கோன்களின் பரப்பைக் கூட்டினால் பதினைந்து அங்குல ஸ்பீக்கர்கள் மூன்றின் பரப்புக்கும் சற்று அதிகமாகவே வரும்.

ஸ்பீக்கர் கெடுவதற்கு வெப்பத்தைவிட அடிக்கடி காரணமாவது கோனின் அசைவு. இதைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. ஒரே அளவு ஒலியை ஒரு ஆக்டேவ் கீழே எழுப்ப வேண்டுமானால், மூடிய பெட்டியில் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். நான்கு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் திறந்த பி கம்பி 31 ஹெர்ட்ஸ். தாழ்ந்த சுரங்களில், 800 வாட் என்ற வெப்ப எல்லையை நெருங்குவதற்கு வெகுமுன்பே கோன் தன் அசைவு எல்லையைத் தொட்டுவிடும். காயில் காந்த இடைவெளியை விட்டு வெளியேறி, பின்தட்டில் மோதும்போது "டக்" என்ற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் ஆம்பில் எத்தனை வாட் எழுதியிருக்கிறது என்று யோசிக்காமல் உடனே குறைத்துவிட வேண்டும்.

8×10இன் சாதகம் இங்கேதான். ஆம்பெக் பெட்டி முழுக்க மூடியது. உள்ளே இரண்டிரண்டு ஸ்பீக்கர்களுக்கு ஒரு தனி அறை என நான்கு அறைகள். அடைபட்ட காற்று வில்போல் நின்று கோனைக் கட்டுப்படுத்துகிறது. அசைவும் எட்டு கோன்களுக்குப் பகிரப்படுகிறது. துளை வைத்த பெட்டிகளில் அந்தத் துளை பொருத்தப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனதும் கோனுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. ஆனால் மூடிய 8×10 மிகத் தாழ்ந்த ஒலியைப் பெரிதாக எழுப்பாது: 810இயின் தரவுப்படி 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபெல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபெல் குறைகிறது. திறந்த ஈ கம்பியில் நாம் கேட்டு மகிழும் அந்த உறுமல் பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸில், அதாவது இருமடங்கு அதிர்வெண்ணில், உள்ள மேலிசை. இதை அறியாமல், "அடி போதவில்லை" என்று 40 ஹெர்ட்ஸ் பகுதியை 6 டெசிபெல் ஏற்றினால், அந்தப் பகுதியில் ஆம்பிடம் நான்கு மடங்கு சக்தியும், கோனிடம் இருமடங்கு அசைவும் கேட்கிறீர்கள்; செவிக்குக் கிடைப்பதோ சொற்பம். 500 வாட் ஆம்ப் ஒன்று இந்தப் பெட்டியில் போதாமல் மூச்சுத் திணறுவதைக் கண்டால், முதலில் நான் பார்ப்பது ஈக்யூவில் (தொனியைச் சீர்செய்யும் பகுதியில்) பேஸ் குமிழ் எங்கே நிற்கிறது என்பதைத்தான். அதை நடுவுக்குக் கொண்டுவந்து, 30 அல்லது 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றை இடையில் போட்டால், புது ஆம்ப் வாங்கிய நிம்மதி அந்த இடத்திலேயே கிடைத்துவிடும். செலவைக் கணக்கிட்டால், பேஸ் வாசிப்பவர் வாங்கக்கூடிய மிக நல்ல பொருள் அந்தச் சிறிய ஃபில்டர் பெட்டி என்பது என் எண்ணம்.

பெரிய ஆம்பே கூடாது என்று சொல்லவில்லை. 1000 வாட் ஆம்பை அளவறிந்து கையாளுகிறவருக்கு, சுண்டும் கணத்தின் உச்சம் வெட்டுப்படாமல் தெளிவாக வெளிவருகிறது. கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து (ஸ்லாப்) வாசிப்பவர்களுக்கு அது தெரியும். கேபினட்டின் தொடர் தாங்குதிறனைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு வரை ஆம்ப் வாங்கலாம் என்ற பரிந்துரை உச்சங்களுக்கு இடம்விடுவதற்காகச் சொல்லப்படுவது. அந்தச் சக்தியைத் தொடர்ந்து ஊட்டச் சொல்வதல்ல.

பழைய கேபினட் என்பதால் வாங்குமுன் மல்டிமீட்டரால் இணைப்பு முனைகளின் மின்தடையை அளந்து பாருங்கள். காயிலின் நேர்மின்னோட்டத் தடை குறித்த ஓமைவிடக் குறைவாக இருக்கும் என்பதால், நல்ல நிலையில் உள்ள 4 ஓம் பெட்டி சுமார் 3 ஓம் காட்டும். 4 அல்லது அதற்கு மேல் காட்டினால் ஒன்றிரண்டு ஸ்பீக்கர்கள் வேலை செய்யவில்லை என்று ஐயப்பட வேண்டும். எட்டில் ஒன்று இறந்திருந்தால் காதால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், வாசிக்கச் சொல்லி ஒவ்வொரு கோனின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு கோனையும் விரல்களால் சமமாக அழுத்திப் பாருங்கள்; உராய்வுச் சத்தம் வந்தால் காயில் வளைந்திருக்கிறது.

ஆம்பையும் கேபினட்டையும் இணைக்க, கிட்டாருக்குப் பயன்படுத்தும் ஷீல்டு கேபிள் கூடாது. 4 ஓமில் 500 வாட் என்பது 11 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம். மெல்லிய நடுக்கம்பி அதற்குப் போதாது. இரண்டு தடித்த கம்பிகள் உள்ள ஸ்பீக்கர் கேபிளும், ஆம்பிலும் கேபினட்டிலும் அதற்கான துளை இருந்தால் ஸ்பீக்கான் (பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் இணைப்பான்) இணைப்பும் வேண்டும்.

1200 வாட் ஆம்புக்கு எடுத்துவைத்த பணத்தில் அந்த ஃபில்டரையும் நல்ல கேபிளையும், 810இ வகையில் 63 கிலோ எடை வரும் இந்தப் பெட்டியை உருட்டிக் கொண்டுபோகத் தரமான சக்கரங்களையும் வாங்குங்கள். மீதியைக் கையில் வைத்திருங்கள். திறந்தவெளி நிகழ்ச்சி வந்தால், ஆம்பின் டி.ஐ. முனையிலிருந்து (ஒலிச் சமிக்ஞையை நேரடியாக வெளியே அனுப்பும் முனை) மிக்ஸருக்கு ஒரு இணைப்பைக் கொடுத்துவிட்டால் கூட்டத்துக்கான ஒலியைப் பெரிய ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். மேடையில் இருப்பவர்களுக்கு 500 வாட்டில் இந்த 8×10 போதும், சில டிரம்மர்களுக்கு அதுவே அதிகம்.