எடை குறையும்வரை விண்ணப்பம் காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள் ஃபேஷன் டிசைன் படிக்க விரும்புகிறாள். கூடவே பிளஸ் சைஸ் மாடலாகவும், அதாவது பெரிய அளவு உடைகளுக்கான மாடலாகவும், ஆசைப்படுகிறாள். “முதலில் உடம்பைக் குறை, மற்றதைப் பிறகு பார்க்கலாம்” என்று வீட்டில் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிபந்தனையை இன்றே எடுத்துவிடுங்கள். நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம்) நுழைவுத் தேர்வில் படைப்புத்திறனையும் பொதுத்திறனையும் சோதிப்பார்கள். பிறகு, கொடுத்த பொருள்களை வைத்துக் கையாலேயே ஒரு மாதிரியைச் செய்துகாட்டும் சிச்சுவேஷன் டெஸ்ட் இருக்கும். எடையை யாரும் கேட்பதில்லை. கல்லூரி கேட்காத தகுதியை வீடு கேட்டால், பிள்ளைக்கு ஓர் ஆண்டு வீணாகும். அம்மாவுக்கு என் மூளையைவிட என் இடுப்பளவுதான் முக்கியம் என்ற எண்ணமும் அவளுக்குள் தங்கிவிடும்.

அவள் பார்பி பொம்மைகளைப் பற்றிய கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருப்பதைக் குழந்தைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கவனிப்பது ஒரு பெரிய வடிவமைப்புப் பிரச்சினை. 1959இல் அமெரிக்காவில் அறிமுகமான பார்பியின் உடல்வாகு எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத ஒன்று. 1965இல் வந்த ஒரு பார்பிப் பெட்டியில் 110 பவுண்டில், அதாவது ஏறக்குறைய 50 கிலோவில், முள் நின்றுவிட்ட எடை பார்க்கும் கருவி ஒன்றும், எடை குறைப்பது எப்படி என்று ஒரு குட்டிப் புத்தகமும் இருந்தன. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த அறிவுரை: “சாப்பிடாதே!” சிறுமிகள் விளையாடும் பொம்மைக்குள் இதை வைத்து விற்றார்கள். பிரிட்டனில் 5 முதல் 8 வயது வரையிலான 162 சிறுமிகளிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. பார்பி படங்கள் உள்ள கதைப்புத்தகத்தைப் பார்த்த சிறுமிகள், மற்றவர்களைவிடத் தங்கள் உடலைக் குறைவாக மதித்தார்கள், இன்னும் மெலிய வேண்டும் என்றார்கள். அதே கதையைப் பருமனான எம் என்ற பொம்மையின் படங்களோடு பார்த்தவர்களிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை.

மாற்றம் 2016 ஜனவரியில் வந்தது. விற்பனை சில ஆண்டுகளாகச் சரிந்திருந்த நிலையில், பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் உயரமான, குள்ளமான, பருமனான மூன்று புதிய உடலமைப்புகளை வெளியிட்டது. முன்கூட்டிச் சிறுமிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, சிலர் பருமனான பொம்மையைக் குண்டு என்று கேலி செய்தார்கள். அதற்காக நிறுவனம் பின்வாங்கவில்லை. ஆனால் பழைய பார்பியின் உடைகள் புதிய பொம்மைக்கு ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடைச் சிறப்பிதழின் அட்டையில் இடம்பெற்ற பிளஸ் சைஸ் மாடல் ஆஷ்லி கிரஹாமின் சாயலில் ஒரு பார்பி செய்தபோது, தொடைகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் மகளிடம் நான் பேச விரும்புவது அந்த உடை ஏறாத இடத்தைப் பற்றித்தான். ஃபேஷன் துறையில் மாதிரி உடையை ஒரே அளவில், அதுவும் மிகச் சிறிய அளவில், தைக்கிறார்கள். மேடைக்கு வரும் பெண் அந்த உடைக்குப் பொருந்த வேண்டியிருக்கிறது. பெரிய அளவு வேண்டுமானால் அதே பேட்டர்னை, அதாவது துணி வெட்ட வைக்கும் மாதிரித் தாளை, சுற்றிலும் சில சென்டிமீட்டர் கூட்டிவிடுவது பலருடைய வழக்கம். உடல் அப்படிப் பெருப்பதில்லை. இடுப்பு பெருக்கும் அளவுக்குத் தோள் அகலாது. கைக்குழியின் ஆழம், மார்புப் பகுதியில் பிடிக்கும் டார்ட் என்னும் மடிப்புத் தையல், மேற்கையின் சுற்றளவு எல்லாவற்றையும் தனியாகக் கணக்கிட்டு, புதிய அடிப்படைப் பேட்டர்னை வரைய வேண்டும். கடையில் வாங்கிய டிரிபிள் எக்ஸ்எல் குர்த்தியில் தோள் இறங்கியும் கை பிடித்தும் நின்ற அனுபவம் உங்கள் வீட்டிலேயே இருக்கும். அளவு ஜாக்கெட் கொடுத்துத் தைக்கும் நம் டெய்லர்கள் ஆளுக்கு ஆள் செய்வதை ஆலைக்கும் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் வேண்டும். மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்டும் இந்தியர்களுக்கென்று அளவுப் பட்டியல் உருவாக்க, 25,000-க்கும் மேற்பட்டோரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்ததும் இதனால்தான். பேட்டர்ன் மேக்கிங், அதைப் பல அளவுகளுக்கு மாற்றும் கிரேடிங், உடை உடலில் பொருந்துவதைச் சரிபார்க்கும் ஃபிட் ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்குத் திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இடம் இருக்கிறது. தனக்குப் பொருந்தாத உடையை வாழ்நாள் முழுவதும் அணிந்தவளுக்கு இந்த வேலையில் எங்கே தவறுகிறது என்பது சீக்கிரம் பிடிபடும்.

மாடலிங் ஆசையைப் பற்றி அவளிடம் பொய் சொல்லாமல் பேசுங்கள். லாக்மே ஃபேஷன் வீக் 2016இல் பிளஸ் சைஸ் மாடல்களுக்கென்றே ஒரு காட்சி நடத்தியது உண்மை. பிளஸ் சைஸ் மாடலான பலோமா எல்சசர் 2023இல் பிரிட்டிஷ் ஃபேஷன் விருதுகளில் ஆண்டின் சிறந்த மாடலாகத் தேர்வானதும் உண்மை. ஆனால் 2025 இலையுதிர்-குளிர்காலப் பருவத்தின் 198 மேடைக் காட்சிகளில் வந்த 8,703 உடைகளை ஒரு துறைசார் இதழ் எண்ணியபோது, பிளஸ் சைஸ் பெண்கள் அணிந்தவை 0.3 விழுக்காடுதான். இதை மட்டும் நம்பிப் பிழைக்கத் திட்டமிடக் கூடாது. மேடையைவிட இணைய விற்பனை நிறுவனங்களின் கேட்டலாக் படப்பிடிப்புகளில்தான் வாய்ப்பு அதிகம். ஃபிட் மாடல் என்று இன்னொரு வேலையும் உண்டு. கேமரா கிடையாது, தைத்த மாதிரியை அணிந்து, எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். படித்துக்கொண்டே இவற்றை முயலலாம்.

முயலும்போது சில இடங்களில் கண்டிப்பாக இருங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் ஏஜென்சியையும், எங்களிடமே போர்ட்ஃபோலியோ (மாடலின் படத்தொகுப்பு) எடுத்தால்தான் வாய்ப்பு என்பவரையும் நம்ப வேண்டாம். நல்ல ஏஜென்சி, வேலை வாங்கித் தந்த பிறகு ஊதியத்திலிருந்து கமிஷன் எடுத்துக்கொள்ளும். உள்ளாடையில் படம் அனுப்பு என்று வாட்ஸ்அப்பில் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம். 18 வயது ஆகும்வரை அவள் தனியாக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது, படப்பிடிப்புக்கு நீங்களும் உடன் போக வேண்டும். படங்களை எத்தனை ஆண்டு, எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சர்க்கரை, தைராய்டு பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதை மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் எழுப்ப வேண்டாம். காலையில் சாப்பிடாமல் போகிறாள் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த வரிதான். பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது போன்றவை தெரிந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அத்தையோ சித்தியோ “இப்படியே இருந்தால் மாப்பிள்ளை கிடைப்பானா” என்று கேட்கும்போது, மகள் பதில் சொல்லட்டும் என்று விடாமல் நீங்களே நிறுத்துங்கள்.

இனி விண்ணப்பம். பி.டெஸ். (வடிவமைப்பில் இளங்கலை) படிப்புக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவும் போதும். ஆடைத் தயாரிப்புத் தொழில்நுட்பம் படிக்கக் கணிதம் வேண்டும். பொம்மைகள் மேலேயே மனம் நின்றால், பட்டத்துக்குப் பிறகு தேசிய வடிவமைப்புக் கழகமான என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் பொம்மை, விளையாட்டு வடிவமைப்பில் முதுகலை படிக்கலாம். நிஃப்ட், என்.ஐ.டி. அறிவிப்புகள் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். சென்னை தரமணியில் உள்ள நிஃப்ட் வளாகத்தை ஒருமுறை அவளோடு போய்ப் பாருங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால், மாநில அரசின் பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வர நாளாகும் என்பதால் இப்போதே மனுப் போட்டுவிடுங்கள்.