ஸ்கோர்ட் போட்டு விளையாட முடியுமா? கேள்வி பதில்

விளையாட்டு உடைகளை வெட்டித் தைப்பது என் தொழில். நீண்ட தூரம் ஓடுவது என் பழக்கம். பெண்கள் ஸ்கர்ட், ஸ்கோர்ட் அணிந்து விளையாடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

ஸ்கர்ட், ஸ்கோர்ட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஸ்கர்ட் வெறும் பாவாடை. ஸ்கோர்ட்டில் பாவாடைக்குள் ஒரு ஷார்ட்ஸ் சேர்த்துத் தைத்திருக்கும். சிலவற்றில் முன்னால் மட்டும் ஒரு மடிப்புத் துணி தொங்கும், பின்னாலிருந்து பார்த்தால் ஷார்ட்ஸ்தான். எப்படித் தைத்திருந்தாலும் களத்தில் உழைப்பது உள்ளே இருக்கும் ஷார்ட்ஸ். மேலே உள்ள துணி கூடவே வருகிறது, அவ்வளவுதான். ஆகவே வாங்கும்போது பாவாடையைப் பார்க்காதீர்கள், அதைத் தூக்கி உள்ளே பாருங்கள்.

அக்கா, ஐந்து கிலோமீட்டர் தாண்டினாலே தொடை உரசிப் புண்ணாகிவிடுகிறது. ஸ்கோர்ட் போட்டால் சரியாகுமா?

ஆகலாம், மோசமாகவும் ஆகலாம். வியர்வை காயும்போது தோலில் உப்பு தங்கிவிடும். அதன்மேல் ஆயிரக்கணக்கான தடவை தொடையோடு தொடை உரசினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். நடுவில் துணி இருந்தால் துணியோடு துணி உரசும், தோல் தப்பிக்கும்.

ஆனால் அந்தத் துணி போதுமான நீளம் இருக்க வேண்டும். பல ஸ்கோர்ட்டுகளில் பாவாடைக்குக் கீழே தெரியக் கூடாது என்று உள் ஷார்ட்ஸை மிகக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள். அதன் விளிம்பு சரியாக உரசும் இடத்திலேயே வந்து உட்காரும். நாலு எட்டு வைத்ததும் சுருண்டு மேலே ஏறும். அரை மாரத்தான் ஒன்றில் இப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடி, அன்று இரவு குளிக்கும்போது கத்தியிருக்கிறேன். துணி அருமை, நிறம் அருமை, வெட்டியவர் மட்டும் ஓடிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உங்கள் தொடைகள் எதுவரை ஒட்டுகின்றனவோ அதைத் தாண்டி மூன்று, நாலு விரற்கடை கீழே விளிம்பு வரட்டும். விளிம்பின் உட்பக்கம் மெல்லிய சிலிக்கோன் பட்டை இருந்தால் ஏறாமல் பிடித்துக்கொள்ளும். கால்கள் பிரியும் இடத்தில் நாலு தையலும் ஒரே புள்ளியில் கூடினால் வாங்காதீர்கள். அந்த இடத்தில் வைர வடிவத்தில் தனித்துண்டு வைத்துத் தைத்திருந்தால் இழுபடாது, உறுத்தாது. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் கிடக்கும். பாலியெஸ்டர் அல்லது நைலானோடு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்தது சரியாக இருக்கும்.

ஆண்கள் யாரும் இப்படிப் போடுவதில்லையே. வெறும் அலங்காரத்துக்குத்தானே இது?

பாதி உண்மை. பாவாடைத் துணி வேகத்தைக் கூட்டாது. காற்றில் படபடத்தால் கொஞ்சம் இழுக்கவே செய்யும். இறுக்கமான ஷார்ட்ஸோடு வெளியே ஓடக் கூசுகிற பெண்களுக்கு, மேலே ஒரு துணி இருந்தால் பின்பக்கத்தைப் பற்றிய நினைப்பே வராது. ஓடும்போது மனம் ஓட்டத்தில் இருப்பதும் ஒரு வசதிதான். அமெரிக்க வீராங்கனை நிக்கோல் டிபூம் 2004-இல், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த விஸ்கான்சின் அயர்ன்மேன் போட்டியில் ஸ்கர்ட் அணிந்து ஓடி வென்றார். ஸ்கர்ட் அவரை ஜெயிக்க வைத்தது என்று சொல்ல மாட்டேன். தோற்கடிக்கவில்லை, அது போதும்.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 1943 முதல் 1954 வரை அமெரிக்காவில் நடந்த பெண்கள் தொழில்முறை பேஸ்பால் லீகில் குட்டைப் பாவாடைதான் சீருடை. பேஸ்பாலில் தரையில் சறுக்கிப் போய் விழ வேண்டும். வெறும் தொடை மண்ணில் தேய்ந்து தோல் உரிந்துபோனது. விளையாட்டு எது என்று பார்க்காமல் உடையை முடிவு செய்தால் நடப்பது இதுதான்.

டென்னிஸில் மட்டும் ஏன் இன்னும் எல்லோரும் ஸ்கர்ட்?

வழக்கம் பாதி, வசதி பாதி. இரண்டாவது சர்வீஸுக்கான பந்தை உள் ஷார்ட்ஸின் ஓரத்தில் செருகிக்கொள்ளலாம், பாவாடை அதை மறைத்துவிடும். வேண்டாம் என்பவர்களுக்கு வழியும் இருக்கிறது. செரீனா வில்லியம்ஸ் 2018 பிரெஞ்சு ஓப்பனில் உடலோடு ஒட்டிய முழு உடையில் ஆடியபின் எழுந்த சர்ச்சையைத் தொடர்ந்து, பாவாடை இல்லாமல் லெக்கிங்ஸ் மட்டும் அணிந்து ஆடலாம் என்று பெண்கள் டென்னிஸ் சங்கம் விதியைத் தெளிவாக்கியது.

சைக்கிள்? மலையேற்றம்? யோகா?

சைக்கிளுக்கு வேண்டாம், எழுந்து மிதித்துவிட்டு உட்காரும்போது இருக்கையின் மூக்கில் துணி மாட்டும். சாதாரண மலைப்பாதை நடைக்குத் தாராளமாகப் போடலாம், கயிறு கட்டி ஏறுவதென்றால் இடுப்புப் பட்டைக்குள் துணி சுருண்டு தொல்லை கொடுக்கும். யோகாவில் தலைகீழாக நிற்கும்போது பாவாடை முகத்தில் விழும், சிரிப்பு வந்து சமநிலை போய்விடும்.

மாதவிடாய் நாட்களில் ஸ்கோர்ட் நம்பலாமா?

நீளமான, கருமையான உள் ஷார்ட்ஸ் இருந்தால் நம்பலாம். வெளிர் நிறம்தான் பிரச்சினை. வெள்ளை உடையை விடாப்பிடியாகக் காத்துவந்த விம்பிள்டனே 2023 முதல் பெண்கள் அடர்நிற உள் ஷார்ட்ஸ் அணியலாம் என்று இறங்கிவந்தது, பாவாடையைவிட நீளமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இன்னொன்று, நாப்கின் வைக்கிறீர்கள் என்றால் அதன்மேல் உள்ளாடை, அதன்மேல் ஷார்ட்ஸ் என்று அடுக்கு கூடும். அதே நிலையில் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டுப் போட்டிக்குப் போங்கள்.

என் மகளின் அணியில் ஸ்கோர்ட் கட்டாயம். அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் பேசலாமா, மேடம்?

பேசுங்கள். நீங்கள் முதல் ஆள் இல்லை. 2011-இல் உலக பேட்மின்டன் கூட்டமைப்பு, பெரிய போட்டிகளில் பெண்கள் ஸ்கர்ட் அல்லது கவுன்தான் அணிய வேண்டும் என்று விதி போட்டது. விளையாட்டைக் கவர்ச்சியாகக் காட்ட வேண்டுமாம்! எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்து, 2012-இல் கைவிட்டார்கள். பெண்கள் குத்துச்சண்டையிலும் ஸ்கர்ட் பேச்சு எழுந்தது, கடைசியில் அவரவர் விருப்பம் என்று ஆனது.

உங்கள் மகளின் நிலைமைக்கு மிக நெருக்கமானது அயர்லாந்தின் கமோகி. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் முரட்டு விளையாட்டு அது. 2025 மே மாதத் தொடக்கத்தில் டப்ளின், கில்கென்னி அணிகள் ஸ்கோர்ட்டுக்குப் பதில் ஷார்ட்ஸ் அணிந்து களமிறங்கின. மாற்றாவிட்டால் ஆட்டம் நடக்காது என்று நடுவர் சொல்லிவிட்டார், வீராங்கனைகள் மாற்றிக்கொண்டுதான் ஆடினார்கள். அதே மாதம் 22-ஆம் தேதி சிறப்பு மாநாட்டில் 98 சதவீத வாக்குகளோடு, ஸ்கோர்ட்டா ஷார்ட்ஸா என்பதை வீராங்கனையே முடிவு செய்யலாம் என்று விதி மாறியது.

கவனியுங்கள், ஸ்கோர்ட்டை யாரும் தடை செய்யவில்லை, பிடித்தவர்கள் இன்றும் போடலாம். பயிற்சியாளரிடம் "ஸ்கோர்ட்டை எடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள். "அதே நிறத்தில் ஷார்ட்ஸும் இருக்கட்டும்" என்று கேளுங்கள். மறுப்பது கஷ்டம்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

கண்ணாடி முன் நிற்பதை விடுங்கள். முழுதாகக் குந்தி எழுங்கள், ஒரு காலை நீள முன்னால் வைத்து இறங்குங்கள், நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்கள். ஒரு தடவையாவது கை தானாக விளிம்பைக் கீழே இழுத்துவிடப் போனால் அந்த அளவு உங்களுக்கில்லை. இடுப்பில் நாடா இருப்பது நல்லது, பையில் போன் வைத்தால் எலாஸ்டிக் மட்டும் தாங்காது.

துவைக்கும்போது?

குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயவையுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், இழைமேல் படிந்து வியர்வையை வெளியே கடத்த விடாது.