மின் பரிசோதனை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சூப்பர்வைசர் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேனுங்க. ‘புதிய வயரிங்கில் செய்யவேண்டிய சோதனைகளை விவரி’ என்ற கேள்விக்கு எல்லாச் சோதனையும் எழுதியும் மாதிரித் தேர்வில் பாதி மார்க்தான் வருது. எங்கே கோட்டை விடுறேன்?
– பல்லடம் வாசகர்

பதில்: வரிசையில் விட்டிருப்பீர்கள். சப்ளை கொடுக்கும் முன் செய்பவை, கொடுத்த பின் செய்பவை என்று முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள். எர்த் வயரின் தொடர்ச்சி, இன்சுலேஷன், போலாரிட்டி (சுவிட்ச் ஃபேஸ் வயரில்தான் இருக்கிறதா என்பது) மூன்றும் முன்னால். லூப் இம்பீடன்ஸும் (எர்த் கோளாறில் கரண்ட் சுற்றிவரும் பாதையின் தடை) ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) சோதனையும் பின்னால். தொடர்ச்சி ஏன் முதலில் என்றும் ஒரு வரி எழுதுங்கள்: எர்த் வயர் நடுவில் அறுந்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள கசிவு, இன்சுலேஷனை அளக்கும் கருவியான மெக்கருக்குத் தெரியாது. இன்சுலேஷன் நன்றாக இருப்பதாகவே முள் காட்டும்.

வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டி.சி. மெக்கர். இதில் அளவு இரண்டு. எர்த்துக்கு எதிராக அளக்கும்போது மெயின் ஆஃப், ஃபியூஸ்கள் உள்ளே, சுவிட்சுகள் எல்லாம் ஆன், ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்கும்போது பல்புகளைக் கழற்றி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். ஒரு பல்பு மாட்டியிருந்தாலும் முள் சைபரில்தான் நிற்கும். எல்.இ.டி. டிரைவர், சர்ஜ் புரொடெக்டர் போன்றவற்றை இரண்டு அளவிலுமே கழற்றிவிடுவது நல்லது. தறிக்கூடமாக இருந்தால் கெப்பாசிட்டரைப் பிரித்து டிஸ்சார்ஜ் செய்தபிறகே மெக்கரைத் தொடுவது.

குறைந்தபட்சம் 1 மெகாஓம். பழைய வினாத்தாள்களில் ‘50-ஐ பாயிண்ட் (லைட், ஃபேன், பிளக் இடங்கள்) எண்ணிக்கையால் வகு’ என்ற விதி வரும்: 100 பாயிண்டுக்கு 0.5 மெகாஓம். 20 பாயிண்டுக்கு 2.5 என்று கணக்கு வந்தாலும், மொத்த வயரிங்குக்கு 1 மெகாஓமுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை. மூன்று சர்க்கியூட்டுகள் 6, 3, 2 மெகாஓம் என்றால் மொத்தம் 11 அல்ல. அவை பேரலல். 1/6 + 1/3 + 1/2 = 1, ஆகவே 1 மெகாஓம். இன்சுலேஷன் கூட்டலில் குறையும் என்பது பரீட்சை ஹாலில் எளிதாக மறந்துபோகும்.

கேள்வி: எங்க பக்கம் சரளை மண். எர்த் டெஸ்டரில் ஒரே இடத்தில் அளந்தாலும் ரீடிங் மாறிட்டே வருது. இதைத் தேர்வில் கேட்டால் என்ன எழுதறதுங்க?
– காங்கேயம் வாசகர்

பதில்: முதலில் மெயினை ஆஃப் செய்து, எர்த் லீடை எலக்ட்ரோடிலிருந்து (மண்ணில் புதைத்த எர்த் கம்பி) கழற்றுங்கள். டெஸ்டரோடு மண்ணில் அடிக்கும் இரண்டு கம்பிகளில் கரண்ட் ஸ்பைக் எலக்ட்ரோடிலிருந்து 30 மீட்டரில் என்றால் வோல்டேஜ் ஸ்பைக் அதே நேர்கோட்டில் 62 சதவீதத்தில், அதாவது சுமார் 18.5 மீட்டரில். பிறகு வோல்டேஜ் ஸ்பைக்கை இந்தப்பக்கம் 3 மீட்டர், அந்தப்பக்கம் 3 மீட்டர் நகர்த்திப் பாருங்கள். மூன்று ரீடிங்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் சரி. விலகினால் கரண்ட் ஸ்பைக் கிட்டத்தில் இருக்கிறது, தள்ளி அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் சரளையில் ஸ்பைக் ஆடும். சுற்றித் தண்ணீர் ஊற்றி இறுக்கலாம், அது ஸ்பைக்குகளுக்கு மட்டும். அளக்கப்படும் எர்த் குழியில் அப்போது குடம் குடமாக ஊற்றினால் வருவது அந்த நேரத்து ஈரத்தின் அளவு.

கேள்வி: ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ட்ரிப் ஆகுது. அப்போ எர்த் சரிதானுங்களே?
– கோபி வாசகர்

பதில்: இல்லை. பட்டன் உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் ட்ரிப் ஆகும். முறையான சோதனை டெஸ்டரில்: 30 மில்லிஆம்பியர் கருவி 15-ல் ட்ரிப் ஆகக்கூடாது, 30-ல் 300 மில்லிசெகண்டுக்குள் ஆக வேண்டும். 150-ல் 40 மில்லிசெகண்டுக்குள்.