போகோ ஹராம்: மதப் பிரசங்க வட்டம் ஆயுதப் படையான வரலாறு

கேள்வி: ஐயா, போகோ ஹராம் தொடக்கம் முதலே ஆயுதக் குழுவாகத்தான் இயங்கியதா?

பதில்: இல்லை. வடகிழக்கு நைஜீரியாவில், போர்னோ மாநிலத் தலைநகரான மைதுகுரியில், 2002 வாக்கில் முகமது யூசுப் என்ற இளம் மதபோதகரைச் சுற்றித் திரண்ட கூட்டம் அது. மேற்கத்தியக் கல்வியும் மதச்சார்பற்ற அரசும் மார்க்கத்துக்கு விரோதமானவை என்ற அவருடைய போதனை, வேலையின்மையாலும் அரசு ஊழலாலும் மனம் கசந்திருந்த இளைஞர்களை ஈர்த்தது. 2009 ஜூலையில் பாதுகாப்புப் படைகளுடன் மூண்ட மோதலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இராணுவம் உயிருடன் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்த யூசுப், விசாரணையின்றிக் காவலிலேயே கொல்லப்பட்டார். நைஜீரிய அரசு செய்த மிகப் பெரிய தவறு இதுவே என்பது என் உறுதியான கருத்து. அவருடைய போதனையைச் சட்டத்தின் முன் அம்பலப்படுத்தும் வாய்ப்பு பறிபோனதோடு, அடுத்துத் தலைமையேற்ற அபுபக்கர் ஷெகாவுக்குப் பழிவாங்கலே முழக்கமாகவும் கிடைத்தது. 2010 செப்டம்பரில் போகோ ஹராம் பௌச்சி நகரச் சிறையை உடைத்ததில் எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினர்.

கேள்வி: இது கிறிஸ்தவர்களுக்கு எதிரான போர் மட்டும்தானா?

பதில்: தேவாலயங்கள் தாக்கப்பட்டது உண்மை. ஆயினும் தங்களை ஏற்காத முஸ்லிம்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. தற்காப்புக்கு ஆயுதம் ஏந்துமாறு வடக்கு நைஜீரிய நகரான கானோவின் அமீர் (பாரம்பரிய முஸ்லிம் தலைவர்) மக்களை அழைத்த சில நாள்களில், 2014 நவம்பரில், அந்நகரின் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குக் கூடியவர்கள் குண்டுவெடிப்பிலும் துப்பாக்கிச் சூட்டிலும் கொல்லப்பட்டனர். இதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: சிபோக் மாணவிகள் அனைவரும் மீட்கப்பட்டார்களா?

பதில்: இல்லை. 2014 ஏப்ரல் 14 இரவு போர்னோ மாநிலத்தின் சிபோக் ஊர்ப் பள்ளியிலிருந்து போகோ ஹராம் கடத்திய 276 மாணவிகளில் சிலர் உடனே தப்பினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் 2016, 2017ஆம் ஆண்டுகளில் பேச்சுவார்த்தை மூலம் விடுவிக்கப்பட்டனர். பத்தாண்டு கடந்த பின்னும் எண்பதுக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

கேள்வி: ஷெகாவ் இறந்ததோடு இயக்கம் முடிந்துவிட்டதா?

பதில்: முடியவில்லை. 2015இல் ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற ஆயுத அமைப்புக்கு ஷெகாவ் விசுவாசப் பிரமாணம் செய்தார். ஆனால் மறு ஆண்டே, சாதாரண முஸ்லிம்களைக் கொல்வது குறித்த பூசலில் இயக்கம் பிளந்தது. பிரிந்த அணி 2021 மே மாதம் சம்பிசா காட்டில் அவரைச் சுற்றி வளைத்தபோது, அவர் வெடிகுண்டை வெடிக்கச் செய்து மாண்டார். அந்த அணி இன்றும் சாட் ஏரியைச் சுற்றியுள்ள மீனவர்களிடமும் மேய்ப்பர்களிடமும் வரி வசூலிக்கிறது. சில வழக்குகளைத் தானே விசாரித்துத் தீர்ப்பும் வழங்குகிறது. அரசு இல்லாத இடத்தில் அரசாகத் தன்னை நிறுவிக்கொள்ளும் இந்தப் போக்கு, ஷெகாவின் வெறியாட்டத்தைவிட வேரறுக்கக் கடினமானது என்றே கருதுகிறேன்.